மூன்றாம் பெஞ்சுக்காரர்

கணக்கு டீச்சருக்குச் சைகை மொழி தெரியும் என்பது சபையில் அவள் கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளுடைய தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவன் படித்ததை அவளும் சேர்ந்து படித்தாள். அவன் காது அவள் கைதான். பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அந்தக் கைகள் சாக்பீஸ் பிடித்தன, சமைத்தன, மகளை வளர்த்தன, பேசவில்லை.

ஆலயத்தில் மூன்றாம் பெஞ்சில் ஒருவர் உட்காருவார். சலவைக் கடையில் இஸ்திரி போடுபவர். காது கேட்காது, வாய் பேசாது, குடும்பம் என்று யாருமில்லை. பிரசங்கம் முழுக்கப் போதகரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். போதகரோ ஓரிடத்தில் நிற்க மாட்டார். போதாததற்கு உதட்டை மூடிய மீசை வேறு. எல்லாரும் சிரித்தால் இவரும் ஒரு நொடி பிந்திச் சிரிப்பார். அப்போதெல்லாம் டீச்சர் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள்.

ஒரு ஞாயிறு, ஆலய வாசலில் அவளைப் பார்த்தபடி நின்றவருக்குப் பின்னால் ஒரு வேன் வந்தது. கத்திப் பயனில்லை. அவள் கை தானாக எழுந்து, "விலகுங்க" என்றது. ஒதுங்கியவர் வேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" அவர் கைகள் பரபரத்தன. "பாஸ்டர் என்ன சொல்றாருன்னு எனக்குச் சொல்லுவீங்களா?"

"பரீட்சை முடியட்டும்" என்று சைகை காட்டிவிட்டு நழுவினாள்.

பரீட்சை முடிந்தது. மகள் கல்யாணம் வந்தது, பிறகு முழங்கால் வலி.

"அந்த மனுஷன் உன்னையே பாத்துட்டிருக்காரு" என்றான் கணவன். "ஆண்டவர் குடுத்ததை எதுக்குப் பொத்தி வச்சிருக்கே?"

"கையைத் தூக்கினா தம்பி முகம்தாங்க வருது."

அதற்கு மேல் அவன் வற்புறுத்தவில்லை. மூன்று வருஷம் போயிற்று.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போதகருக்குப் போன் வந்தது. இஸ்திரிக்காரருக்கு வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது. அதை அவரிடம் சொல்ல வழியில்லை; எழுதிக் காட்டினாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது. போதகர் கையைப் பிசைந்தபோது கணவன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

டீச்சர் போனாள். டாக்டர் சொல்லச் சொல்ல அவள் கைகள் சொல்லின. இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அவை சொன்ன பெரிய செய்தி, இன்னும் சில வாரம்தான் என்பது.

அவர் கசங்கிய விரிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு கேட்டார்: "பரீட்சை முடிஞ்சிடுச்சா?"

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் நேரே ஆஸ்பத்திரிதான். அவருக்குக் கேள்வி தீரவில்லை.

"இயேசு என்னை மாதிரி ஆளுங்ககிட்ட வந்தாரா?"

"வந்தாரு. ஒருத்தரைக் கூட்டத்துலேருந்து தனியா கூட்டிட்டுப் போய், காதுல விரலை வச்சாரு."

"அப்போ அவருக்கும் சைகை தெரிஞ்சிருக்கு" என்று சத்தமில்லாமல் சிரித்தார்.

ஒரு மாலை கேட்டார்: "போன மழைக்காலத்துல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களே, பாஸ்டர் அப்படி என்ன சொன்னாரு?"

அவளுக்கு நினைவில்லை. காது இருந்தும் அவள் கேட்கவில்லை. போதகர் வீட்டுக்கே போனாள். அவர் பழைய நோட்டுகளைப் புரட்டினார்.

"இதுதாம்மா. தப்பான நம்பருக்குப் போன் போட்டு அரை மணி நேரம் உருகி உருகி ஜெபம் பண்ணேன். ஆமென் சொன்னதும் அந்தாளு, 'அதெல்லாம் சரி சார், சிலிண்டர் எப்ப வரும்?'னு கேட்டான்."

மறுநாள் ஓட்டமும் நடையுமாய்ப் போனாள். அவர் நினைவிழந்து கிடந்தார். காது கேட்காதவர் கண்ணையும் மூடிக்கொண்டால் எந்த வழியாகச் சொல்வது?

"இனிமே முழிக்க மாட்டாரும்மா" என்றாள் நர்ஸ்.

ஆனாலும் அவள் மூடிய கண்களுக்கு முன்னால் நின்று முழுக்கதையையும் கையால் சொன்னாள், சிலிண்டர் வரைக்கும். விடியற்காலையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

அடக்க ஆராதனைக்கு அவரோடு வேலை பார்த்த காது கேளாத இருவர் வந்து பின்னால் நின்றார்கள். டீச்சர் போதகருக்குப் பக்கத்தில் போய் நின்று கையை உயர்த்தினாள். தம்பி முகம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள். நடுவில் 'உயிர்த்தெழுதல்' என்பதற்கு என்ன சைகை என்று மறந்துபோய், 'செத்தவர் எழுவது' என்று சுற்றிவளைத்துக் காட்டித் திணறினாள். பின்னால் நின்றவர்களில் ஒருவர் முன்னே வந்து செய்து காட்டினார். அவரைப் பார்த்து அவளும் செய்தாள்.

அவர்கள் இருவரும் ஞாயிறுதோறும் வரத் தொடங்கினார்கள். முதல் ஞாயிறு, மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்த அவர்களுக்குப் பிரசங்கத்தை முழுக்கக் கையால் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது அவள் கணவனிடம் சொன்னாள்: "நான் இன்னிக்கு நல்லாத்தான் செஞ்சேங்க. அதை நினைச்சாத்தான் தாங்க முடியல."