தட்டாத கார்டு

என் மனைவி பெயர் பஞ்சாலை. அவளுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சென்டர் சிரம்பான் டவுனில், தெமியாங் பக்கம். நாங்கள் இருப்பது புக்கிட் பெலண்டோக்கில், தோட்டத்து லயத்து வீட்டில். மோட்டாரில் கூட்டிப்போனால் திரும்பும் வழியில் மயங்கிச் சாய்ந்துவிடுவாள். காலை பஸ்தான் எங்களுக்குக் கதி.

ஓட்டியவன் வீரமுத்து, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோரின் மகன். பஸ்ஸில் ஏறியதும் கட்டணத்துக்குக் கார்டு தட்ட ஒரு மெஷின் உண்டு. எங்கள் தமிழ் ஆட்கள் கார்டை எடுத்தால் அவன் மெஷினைக் கையால் மூடிக்கொள்வான்.

"உள்ள வைங்கக்கா. நம்ம ஆளுங்ககிட்ட காசு வாங்கினா எங்கப்பா மேலேருந்து காறித் துப்புவாரு. ஏறுங்க லா."

தோட்டத்து லாரிக்காரன் தோட்டத்து ஆளிடம் காசு வாங்கியதில்லை. அந்தப் பழக்கம் பஸ்ஸிலும் ஏறிக்கொண்டது. பதிலுக்கு எங்கள் லயத்து முத்தாயி கங்கோங் கீரை கட்டிக் கொடுப்பாள், வேறொருத்தி முறுக்கு கொடுப்பாள். தோட்டத்துக்கு வேலைக்கு வந்த பங்களாதேஷ் பையன்களிடம் மட்டும் வீரமுத்து கறார். அவர்கள் தட்டித்தான் ஏற வேண்டும். நாங்கள் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நிமிர்ந்து ஏறுவோம்.

போன வருஷம் பஸ்ஸை நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவில் கூட்டம் போட்டார்கள். பஸ் கம்பெனியிலிருந்து ஷாமினி என்ற பெண் வந்தாள். நம் பிள்ளைதான், பணிவாகவே பேசினாள்.

"இந்த ரூட்டுல ஆளே இல்ல அங்கிள். காலையில மூணு நாலு பேருதான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "யாரும்மா சொன்னது? நிக்க இடம் இருக்காது! ஒரு நாள் வந்து ஏறிப் பாரு!"

"கார்டு தட்டுனவங்கதான் எங்க கணக்கு, அங்கிள். அத வச்சித்தான் அரசாங்கம் மானியம் கொடுக்குது. மானியம் இல்லாம டீசல் ஊத்த முடியாது."

அந்த மூணு நாலு பேர் பங்களாதேஷ் பையன்கள். கணக்குப்படி நாங்கள் அத்தனை பேரும் அந்த பஸ்ஸில் ஏறாதவர்கள்.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். சட்டையில் கம்பெனி முத்திரையோடு வீரமுத்து நின்றிருந்தான். அன்று காலை முத்தாயி கொடுத்த கீரைக்கட்டு இன்னும் அவன் கையில் இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

நான் உண்மையைச் சொல்ல எழுந்தேன். சொன்னால் பஸ் நிற்காது. பஞ்சாலை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒக்காருங்க. அவன் வேல போயிரும். மூணு புள்ளைங்க."

"உன் உசுரு போயிருமேடி!"

"ஒக்காருங்கன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தேன். வேறு யாரும் எழவில்லை. வீரமுத்துவும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மாதக் கடைசியில் பஸ் நின்றது. அடுத்த மாதமே எங்கள் சாலையோரம் புத்தம்புதிய பஸ் ஸ்டாப் வந்தது. தகரக் கூரை, எவர்சில்வர் பெஞ்சு, போர்டில் ஒரு பெரிய மனிதரின் சிரித்த முகம். பஸ்ஸே இல்லாத ஊருக்கு இது எதற்கு என்று அதைக் கட்டிய குத்தகைக்காரனிடம் கத்தினேன்.

"இது கட்டுறதுக்கு வந்த காசுண்ணே. பஸ் ஓட்டுற காசு வேற. அத இதுல எடுக்க முடியாது."

அங்குசம் வாங்கக் காசு இருக்கும், ஆனை வாங்க இருக்காது. இப்போது அந்தப் பெஞ்சில் ஆடுகள் படுத்திருக்கின்றன.

வாடகைக் கார் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வாரம் மூன்று நாள், இரண்டு நாளாயிற்று. பஞ்சாலையின் கால் வீங்கிக்கொண்டே வருகிறது. டாக்டர் திட்டுகிறார். அவருக்கென்ன, திட்டலாம்.

போன வாரம் சென்டரிலிருந்து வெளியே வந்தபோது நல்ல மழை. வந்த டவுன் பஸ்ஸில் ஏறினோம். ஓட்டும் இடத்தில் வீரமுத்து. எங்களைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது. பழைய வழக்கப்படி கை தானாக மெஷினை மூடியது.

"நீங்க எதுக்குக்கா... உள்ள போயி ஒக்காருங்க."

பஞ்சாலை கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினாள். அவன் விரல்களை மெஷின் மேலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"கைய எடு தம்பி. இந்த ஊரு ஆளுங்களுக்காச்சும் பஸ் ஓடட்டும்."

கார்டைத் தட்டினாள். என் கார்டையும் வாங்கித் தட்டினாள்.