தண்ணி வந்துடுச்சு

காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைப்பேசியில் மஞ்சள் எச்சரிக்கை ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகியிருந்தது. ஏரி மதகைத் திறந்துவிட்டார்களாம். பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"போன வாரமும் இதே சிவப்புதான். அன்னைக்கு வெயில்ல போர்வையே காஞ்சுது," என்றாள் மனைவி. "பயப்படறதுக்குன்னு ஒரு போட்டி வச்சா உங்களுக்குத்தான் முதல் பரிசு."

எங்களுக்கு மூன்றாவது மாடி. இத்தனை மழையிலும் வீட்டுக் குழாய்களில் காற்றுதான் வரும். தரைக்குக் கீழே, வண்டி நிறுத்தும் இடத்தின் கோடியில் ஒரு பொதுக் குழாய் உண்டு. அதில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் காவலாளி படிக்கட்டடியில் நின்று "தண்ணி வந்துடுச்சு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். உடனே கையில் கிடைத்த குடத்தோடு ஓட வேண்டியதுதான். அந்த ஓட்டத்தில் என் மனைவியை யாரும் முந்தியதில்லை. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

பால்கனியில் நின்று தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். தெருமுனை திரும்பி, குப்பைத்தொட்டியைத் தள்ளிக்கொண்டு, பழுப்பாக வந்தது வெள்ளம். அதே நேரம் கீழே காவலாளியின் குரல் கேட்டது.

"தண்ணி வந்துடுச்சு! தண்ணி வந்துடுச்சு!"

பாவம், அவர் வெள்ளத்தைத்தான் சொன்னார். உள்ளே திரும்பிப் பார்த்தேன். அடுப்படியில் அவள் இல்லை. இரண்டு வாளிகளும் இல்லை.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். படிக்கட்டு நெடுகக் குடமும் வாளியுமாகக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"போகாதீங்க, தண்ணி வருது!" என்று கத்தினேன்.

"வருதுன்னுதானே போறோம்? வரிசையில வாங்க சார்," என்று தையல்காரர் முழங்கையால் என்னை ஓரங்கட்டினார்.

"ஐயோ, வெள்ளம்!"

"நீங்க போன வாரத்துலேர்ந்து அதைத்தானே சொல்லிட்டிருக்கீங்க," என்றார் மேல்வீட்டு டீச்சர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "தண்ணி நின்னுபோச்சு!"

அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். "சே, இன்னைக்கும் போச்சா," என்று புலம்பியபடி ஒவ்வொருவராக மேலே திரும்பினார்கள். எனக்கு வழி கிடைத்தது.

கீழே சரிவுப்பாதை வழியாக வெள்ளம் இரைந்துகொண்டு கொட்டியது. முழங்கால் நனைந்தது, அப்புறம் தொடை, அப்புறம் இடுப்பு. ஸ்கூட்டர் ஒன்று மிதந்து வந்து இடித்தது. விளக்கு அணைந்து, சரிவுப்பாதை வழியே வந்த வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. நீச்சல் தெரியாதவள், கோடியில் ஒரு கையால் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் ஒரு வாளி; மற்றது எப்போதோ மிதந்து போயிருந்தது.

"வாளியை விடு!"

"விட்டா போயிடுமே!"

"போய்த் தொலையட்டும், விடு!"

அவள் கையைப் பிடித்து, சுவரைத் தடவித் தடவிப் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஈரமில்லாத படியில் இருவரும் உட்கார்ந்தோம். அவள் வெடவெடவென்று நடுங்கினாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"நின்னுபோச்சுன்னு நீங்க கத்தினது கேட்டுச்சு," என்றாள். "அப்பவே காலடியில ஈரம்தான். ஆனா குழாய்ல கொட்டு கொட்டுன்னு கொட்டுது. இந்த மனுஷன் என்னை மேல வரவைக்கப் பொய் சொல்றார்னு நினைச்சேன்."

"பொய்தான் சொன்னேன்."

ஈரக்கையால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்தவள் மாடி ஏறும்வரை விடவே இல்லை.