பதினொரு சோடிச் செருப்பு

அன்றைக்கு எங்கள் வீட்டு ஹோலில் இருந்தவர்களை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். காற்றாடிக்கு நேர் கீழே, குஷன் போட்ட ஒரே கதிரையில், விசா அலுவல் பார்க்கிற அருட்செல்வன். அவருக்கு எதிரே பிளாஸ்டிக் கதிரையில் அப்பா, சீவரத்தினம். வெங்காயத் தோட்டத்திலிருந்து அப்படியே வந்தபடியால் சாரத்தின் விளிம்பில் செம்மண். அம்மா, பராசக்தி, குசினி வாசல்படியில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக. யன்னலோரத்து நீள மர வாங்கில் அக்கா உதயகலா, கடைத் திறப்புக் கோர்வையை மடியில் வைத்துக்கொண்டு. மேசை மூலையில் நான், கஜந்தினி, பேனையும் கொப்பியுமாக. என் கணவர் செந்தூரனும் இருந்தார். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள், ஐரோப்பாவில் தன் அறைக் கட்டிலில், கழுத்துவரை போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தார்.

மேசை நடுவில் தூதரகத்துக் கடிதம். அருட்செல்வன் அதை ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். கணவன் மனைவி ஒரு மாதம் ஒன்றாக வாழ்ந்ததற்குச் சான்றாகப் பன்னிரண்டு படங்கள் தரப்பட்டிருக்கின்றன. கோயில் படத்தில் வெறுங்கால். மிச்சப் பதினொரு படத்திலும் மனைவியின் காலில் பதினொரு சோடிச் செருப்பு. ஒரு சோடிகூட இரண்டாம் முறை வரவில்லை. மயிலிட்டித் துறைமுகச் சுவரில் காலைத் தொங்கப்போட்டு இருக்கும் படத்தில், செருப்பின் அடியில் விலைச்சீட்டு ஒட்டியபடி இருக்கிறது. ஆகவே இந்தத் திருமணம் உண்மையானதுதானா என்ற சந்தேகம் எழுகிறது. ஒரு மாதத்துக்குள் விளக்கம் தரவும்.

"பதினொரு சோடி செருப்பு வைச்சிருக்கிறது குற்றமோ, தம்பி?" என்று அம்மா அருட்செல்வனைக் கேட்டாள்.

"வைச்சிருக்கிறது இல்லையம்மா. ஒண்டையும் ரெண்டாந்தரம் போடாததுதான் குற்றம்."

அப்பா சிரித்தார். "கலியாணத்துக்கு வாங்கின செருப்பை நான் ஆறு வருசம் போட்டனான். என்ரை படத்தை அனுப்பியிருந்தா அண்டைக்கே விசா குத்தியிருப்பான்."

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பதினொரு சோடியும் அவளுடைய வேலை.

உரும்பிராய்ச் சந்தியில் அக்காவுக்கு ஒரு ஃபேன்சிக் கடை. ஒவ்வொரு சீசனுக்கும் பேஸ்புக்கில் படம் போடுவாள். கந்தோருக்குக் கட்டுகிற நூல்சேலைக்கு எந்தச் செருப்பு, மாரியில் பாவாடையில் சேறு அடிக்காமல் நடக்க எது, திருவிழாவில் மணலில் கழற்றிப்போட்டுத் திரும்பத் தேடி எடுக்க எது சுகம், அதற்கு எந்தத் தோடு, எந்தப் பை. இருக்கிற உடுப்பைப் புதுசாகக் காட்டுவதில் அவளை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. செந்தூரன், கோயில் திருவிழாக் காலத்தில் ஒரு மாத லீவில் வந்தார். கலியாணம் முடிந்து நாலு நாள் எங்கள் வீட்டில் நின்றார். ஐந்தாம் நாள், கொழும்பில் ஒரு அலுவல் என்று போனவர், விமானம் ஏறுவதற்கு முதல் நாள்தான் திரும்பி வந்தார். என்ன அலுவல் என்று நாங்கள் கேட்கவில்லை. மருமகனிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று அப்பா சொன்னார். அருட்செல்வனோ, ஒரு மாதமும் சேர்ந்து வாழ்ந்ததாகப் படம் வேண்டும், ஒவ்வொரு படமும் வேறுவேறு நாள் மாதிரி இருக்கவேண்டும் என்றார். கையில் இருந்தது ஒரே ஒரு நாள்.

"அதொண்டும் கஷ்டமில்லை" என்றாள் அக்கா. "உடுப்பு மூண்டு போதும். மிச்ச நாளைச் செருப்பும் பையும் பார்த்துக்கொள்ளும்."

வாடகை வானின் பின்சீற்றில் பெட்டி பெட்டியாக அடுக்கி, கமெராக்காரன் ஒருவனையும் ஏற்றிக்கொண்டு விடிய வெளிக்கிட்டோம். செருப்புகள் திரும்பக் கடைக்குப் போகவேண்டியவை என்பதால், அடி அழுக்குப்படாமல் எல்லாவற்றுக்கும் கண்ணாடி செலோரேப் ஒட்டியிருந்தாள். தொண்டைமானாற்றில் சந்நிதி முருகனைக் கும்பிட்டுவிட்டு ஒரு படம். பாலத்தடியில் நீலப் பஞ்சாபி உடுப்புக்கு வெள்ளை ஷோல், வெள்ளைக் குதிச்செருப்பு, முத்துத் தோடு. அதே பஞ்சாபிக்கு வான் கதவுக்குப் பின்னால் கடுகு நிற ஷோலும் தட்டையான தோல் செருப்பும் தோளில் துணிப்பையும் மாட்டிவிட்டாள். அது அடுத்த கிழமை ஆகிவிட்டது. தலைமயிரைத் தூக்கிக் கிளிப் போட்டால் ஒரு நாள், பின்னிவிட்டால் இன்னொரு நாள். மயிலிட்டியில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். செந்தூரனுக்கு மாற்றுச் செருப்பு எடுத்து நீட்டியபோது, "எனக்கு உந்தக் கூத்தெல்லாம் வேண்டாம்" என்று தன் மண்ணிறச் சப்பாத்தோடேயே எல்லாப் படத்திலும் நின்றார். கமெராக்காரன் சொல்லும்போது என் தோளில் கை வைத்தார். சொல்லி முடிந்ததும் வானுக்கு அந்தப் பக்கம் போய் நின்று போனில் மெதுவாகக் கதைத்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடுத்த செருப்புக்குக் காலை நீட்டினேன். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், அன்றைக்கு எனக்குச் சந்தோசமாகவே இருந்தது. ஒரே நாளில் பதினொரு நாள் கிடைத்த மாதிரி இருந்தது.

கடைசிப் படம் வீட்டு முற்றத்தில், கையில் விளக்குமாற்றோடு. நான் என்னுடைய றப்பர் செருப்போடு போய் நின்றேன். அதன் வார் அறுந்து, அடியில் ஊக்கு குத்தியிருந்தது. "உந்த ஊக்குக் குத்தின செருப்போடையோ வெளிநாட்டுக்காரனுக்கு முன்னாலை நிக்கப்போறாய்?" என்று அக்கா புதிதாக ஒரு சோடி றப்பர் செருப்பைப் பெட்டியிலிருந்து உடைத்தாள்.

அவர் போனபின் செருப்புகள் கடைக்குத் திரும்பின. கொஞ்ச நாளில் என்னோடு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிற ஜெசிதா, அந்தக் கடுகு நிற நாளின் தோல் செருப்போடு வந்து நின்றாள். "நல்லாயிருக்கோ அக்கா? உங்கடை அக்கான்ரை கடையிலைதான்" என்றாள். நல்லாயிருக்கு என்று சொன்னேன். அன்று முழுக்க, கடிதங்கள் பதிகிற நேரமெல்லாம், என்னுடைய கலியாண நாளொன்று பக்கத்து மேசைக்கடியில் கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப இதுதான் விளக்கம்" என்றார் அருட்செல்வன், மேசையில் கிடந்த கடிதத்தைத் தட்டி. "தமக்கை செருப்புக்கடை வைச்சிருக்கிறா. தங்கச்சிக்கு ஒவ்வொருநாளும் புதுச்செருப்பு குடுத்தவ. ஒரு மாதமும் ஒண்டாத்தான் இருந்தவை. தங்கச்சி, நீங்கள் வடிவா எழுதுவியள்தானே, உங்கடை கையாலையே எழுதுங்கோ. ஆனா அதோடை விடமாட்டாங்கள். ரெண்டு பேரையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்கள். இப்பவே ஒருக்காக் கேட்டுப் பாப்பம். செந்தூரன், கேக்குதோ?"

"ஓம் அண்ணை, கேளுங்கோ."

என் பிறந்த திகதியைச் சரியாகச் சொன்னார். நான் வேலை செய்யும் இடத்தையும் சொன்னார். அதெல்லாம் விண்ணப்பத்தில் இருக்கிறவை.

"மனுசி வீட்டிலை காலிலை என்ன போடுறவ?"

போனுக்குள் செந்தூரன் கொஞ்சம் யோசித்தார். "காலிலையோ… வெள்ளை ஹீல்ஸ். படத்திலை கிடக்குத்தானே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிணத்தடிக்கு ஹீல்ஸ் போட்டோ போறவள்?" என்றவள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

"சரி, விடுங்கோ. தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. அவர்?"

"மண்ணிறச் சப்பாத்து" என்றேன். "இடது குதி வெளிப்பக்கமாத் தேஞ்சிருக்கும். அவசரமெண்டால் பின்பக்கத்தை மிதிச்சுக்கொண்டு நடப்பார். வலதிலை நாடா அறுந்து முடிச்சுப் போட்டிருக்கு. உள்ளுக்கை மட்டை ஒண்டு வெட்டி வைச்சிருக்கிறார்."

அவர் நின்ற நாலு நாள் காலையிலும் படியில் கிடந்த அந்தச் சப்பாத்தை, அவர் காலைப் போட வசதியாக நான்தான் வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். அதை நான் சொல்லவில்லை. கொப்பியை மூடிவிட்டுப் போனைப் பார்த்துக் கேட்டேன்:

"கொழும்பிலை எங்கை நிண்டனீங்கள்?"

"இப்ப ஏன் உதைக் கேக்கிறீர்?"

"கடிதத்திலை எழுதவேணும்."

"உம்மடை வீட்டிலை நிண்டனான் எண்டு எழுதும்."

"நிக்கேல்லையே."

"நானோ இந்தக் கலியாணம் வேணுமெண்டு கேட்டனான்?" போர்வை அசைந்தது. "என்ரை அம்மா அழுது குளறினபடியால்தானே…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "சரி, எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

திரை கறுத்தது.

"லைன் வெட்டுப்பட்டுப் போச்சு" என்றார் அப்பா.

"ஓம் ஐயா, அங்கை இப்ப சிக்னல் சரியில்லையாம்" என்றார் அருட்செல்வன்.

அம்மா எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனாள். அக்கா திறப்புகளை ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரித் தள்ளிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னீர்களா என்று கேட்டு வந்த கடிதத்தைச் சுற்றி இருந்துகொண்டு, எனக்கு நோகக்கூடாது என்பதற்காக எல்லாரும் பொய் சொன்னார்கள். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த பௌர்ணமிப் போயா லீவில் நான் கடிதத்தை எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிசில், விலாசம் வலது பக்கம், திகதி அதற்குக் கீழே, ஒரு பந்திக்கு ஒரு விசயம். படம் படமாக எழுதினேன். கோயில் படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் உள்ள செருப்புகள் என் தமக்கையின் கடைக்குரியவை. எல்லாப் படங்களும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவை. எனக்கு இருப்பது வீட்டுக்கு ஒரு சோடி, வேலைக்கு ஒரு சோடி. கணவர் எங்கள் வீட்டில் நாலு நாள் நின்றார். மற்ற நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் திருமணம் உண்மையாக நடந்தது. எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

அக்கா மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்தவள், மேசையில் கிடந்ததை எடுத்து வாசித்தாள். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் வாசித்தாள்.

"உன்ரை கையாலை உன்ரை கழுத்தை அறுக்கிறாய்."

"கேட்டதுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறன்."

"எங்கை இருந்தாரெண்டு தெரியாது எண்டு எழுதியிருக்கிறாய். உதையும் அவங்கள் கேட்டவங்களோ?"

"இல்லை. அது நான் கேட்டது."

அக்கா வாங்கில் இருந்தாள். வெளியே அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் சத்தம். "இது போனால் அவன் உன்னை அங்கை எடுப்பிக்க மாட்டான். தெரியுமோ? ஊர்ச் சனத்துக்கு என்ன சொல்லுறது? அப்பா இனிக் கோயிலடியிலை தலை காட்டுவாரோ?" என்றாள்.

"இது போகாட்டியும் எடுப்பிக்கமாட்டார், அக்கா. விசா குடுத்தாலும் அங்கை போய் நான் ஆரோடை இருக்கிறது? வெள்ளை ஹீல்ஸ் போட்டவளைத் தேடுற ஆளோடையோ?"

கடைக்குத் திரும்பி வந்த சாமானைப் பார்க்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்தாள். "அண்டைக்கு உன்னை நான் எவ்வளவு வடிவா உடுத்தி விட்டனான்" என்றாள்.

"ஓம் அக்கா. வடிவாத்தான் இருந்தது."

அவள் கடிதத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் ஒருவேளை திரும்ப எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்தநாள் கந்தோருக்குப் போகிற வழியில் தபால் கந்தோரில் இறங்கினேன். கவுண்டரில் இருந்த உத்தியோகத்தர் அம்மா கடிதவுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "பதிவுத் தபாலோ பிள்ளை? ஒட்டேல்லையே" என்று பசைப்போத்தலைத் தள்ளிவிட்டா. பசை தண்ணீராக இருந்தது. தடவி மடித்து உள்ளங்கையால் அழுத்தினேன். ஒட்டியதா இல்லையா என்று தெரியாமல் இன்னும் கொஞ்சநேரம் அழுத்திக்கொண்டே நின்றேன். எனக்குப் பின்னால் பென்சன் எடுக்க வந்த இரண்டு பேர், மழை இந்த முறை பிந்தும் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. ஐரோப்பாவில் அப்போது விடிந்திருக்காது. எடுக்கவில்லை. அது நின்று, மறுபடி அதிரத் தொடங்கியது.

"அனுப்புறவரின்ரை பேர் எழுதேல்லை நீர்."

பேனையை வாங்கினேன். திருமதி என்று எழுதி அதற்குப் பக்கத்தில் கணவர் பெயரை எழுதவேண்டிய இடத்தில் பேனை நின்றது. பிறகு கஜந்தினி என்று மட்டும் எழுதி, உரும்பிராய் விலாசத்தைக் கீழே போட்டேன். அந்த அம்மா முத்திரைகளை நாக்கில் நனைத்து ஒட்டி, திகதி முத்திரையை மையில் புரட்டி எடுத்து மூன்று தரம் குத்தினா. பிறகு உறையைத் திருப்பி, பின்பக்கத்திலும் ஒரு தரம். அது பாதி கடதாசியிலும் பாதி என் பெயரிலுமாக விழுந்தது. கடிதம் தபால் பைக்குள் போகும்போது அந்தக் கறுப்பு வட்டம் இன்னும் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது.