சுண்ணாம்பு மாத்திரை

நாலாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். யோசுவா திரவியத்துக்குத் தரவேண்டிய கடன் அது. தம்பி ஞானதாஸ் செத்த அன்றைக்குப் பெட்டி வாங்கவும், உடலைச் சொந்த ஊரான பாறசாலைக்குக் கொண்டுபோக வண்டி பிடிக்கவும், குழி வெட்டினவர்களுக்குக் கொடுக்கவும் ஆன செலவு. யோசுவா கேட்கவில்லை. திரவியம்தான் மடியை அவிழ்த்து எண்ணிக்கூடப் பார்க்காமல் கையில் திணித்தான். "பொறவு பாத்துக்கிடலாம்லே, மொதல்ல பிள்ளைய அடக்கம் பண்ணு" என்றான். வட்டி என்ற பேச்சே இல்லை. வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆளைக் கண்டதும் ஒளிந்துகொள்ளலாம். இவன் எதிரில் ஒளியவும் வழியில்லை. இரண்டு பேரும் ஆரியசாலையில் ஒரே சுமட்டுக் கூட்டத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்.

ஞானதாஸ் செத்ததும் அங்கேதான். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸைக் கையில் வாங்கினான். குடிக்கவில்லை. அப்படியே பக்கத்தில் இருந்த திரவியத்தின் தோளில் சாய்ந்துவிட்டான். தூங்குகிறான் என்று திரவியம் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தானாம்.

இருதயத்தின் சதை தடித்துப்போயிருந்தது என்று, உடலை அறுத்துப் பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். அந்தத் தடிப்பு குடும்பத்தோடு வருகிற சீக்கு, கூடப் பிறந்தவர்களையும் பார்க்கவேண்டும் என்று மேட்டின்மேல் இருக்கும் இருதய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார்கள். யோசுவா போனான். அவனுக்கும் இருந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவன் மகள் லிபிக்கும் தொடங்கியிருந்தது.

"பாரம் தூக்கக்கூடாது, ஓடக்கூடாது, மேடு ஏறினா நின்னு நின்னு ஏறணும்" என்றார் டாக்டர் ஸ்ரீப்ரியா. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்த பெண். மலையாளத்துக்கு நடுவில் அவனிடம் மட்டும் வீட்டுத் தமிழ் பேசுவார்.

சுமட்டுக்காரனிடம் பாரம் தூக்காதே என்றால் வேறு என்ன செய்வது? கூட்டத்துத் தலைவர் நீலகண்டன் ஒரு வழி சொன்னார். யோசுவா சுமட்டுக்காரர்களின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு லாரிப் பக்கத்தில் நிற்கட்டும், மூட்டை சரியாக இறங்குகிறதா என்று பார்க்கட்டும், மாலையில் கூலி பிரிக்கும்போது எல்லாருக்கும் உள்ள பங்கு அவனுக்கும் உண்டு. கூட்டத்தின் வழக்கம் அதுதான். காலொடிந்தவனுக்கும் காய்ச்சல்காரனுக்கும் பங்கு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் காய்ச்சல் இறங்கிவிடும். யோசுவாவின் சீக்கு இறங்குகிற சீக்கு இல்லை.

"இன்னிக்கு எத்தற மூட்டைய நோக்குனீரு, யோசுவா சாரே? கண்ணு களைச்சிருக்குமே" என்பான் ஒருவன். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பிறகு முதுகு முழுக்க வேர்வையோடு நிற்கிறவர்களுக்கு நடுவில் உலர்ந்த சட்டையோடு கையை நீட்டிப் பங்கை வாங்குவான். வாங்கும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டான்.

மருந்து ஆராய்ச்சி என்று டாக்டர் கூப்பிட்டது அந்த நாட்களில்தான்.

"இந்தச் சீக்குக்குன்னே ஒரு மருந்து இதுவரைக்கும் கிடையாது, யோசுவா. இப்போ நீங்க சாப்பிடறது படபடப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். பிரஷருக்குக் குடுக்கற மருந்து ஒண்ணு இந்தத் தடிப்பையும் குறைக்குமான்னு பாக்கறோம். சேர்ற ஆள்ல பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குப் பாக்க அதே மாதிரி இருக்கற வெறும் மாத்திரை. உள்ள ஒண்ணும் இருக்காது. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"டாக்டருக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா என் கண்ணு பொய் சொல்லும். குணமாகணும்னு ஆசைப்பட்டு, குணமான மாதிரியே பாத்துடும்." அவர் சிரித்தார். "உங்களுக்கு உடனே பலன் இருக்கும்னு நான் சொல்லலை. ஆனா லிபி பெரியவளாகறப்போ அவளுக்கு ஏதாவது இருக்கணுமே."

மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, ஒழுங்காகச் சாப்பிடவேண்டும், காலி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு யோசுவா கையெழுத்துப் போட்டான். சாட்சரதா எழுத்தறிவு வகுப்பில் வளர்ந்த பிறகு படித்த கையெழுத்து. முன்பு போல கைநாட்டு வைத்திருந்தால் விரல்தான் பொய் சொன்னது என்றாவது பின்னால் சொல்லிக்கொண்டிருப்பான்.

முதல் மாசம் ஒழுங்காகச் சாப்பிட்டான். ஒன்றும் தெரியவில்லை. அதே மூச்சு வாங்கல், படி ஏறினால் அதே இருட்டு. தனக்குக் கிடைத்தது வெறும் சுண்ணாம்பு என்று அவன் முடிவு கட்டிவிட்டான். லாட்டரிச் சீட்டில்கூட ஒரு நாளும் விழாதவனுக்கு மருந்திலா விழப்போகிறது?

திரவியம் மாத்திரை டப்பாவைப் பார்த்தது ஒரு மத்தியானம், சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கும்போது.

"என்னதுலே இது? வெளிநாட்டுச் சாமானா?"

"ஆராய்ச்சி மருந்து அண்ணாச்சி. கடையில கெடைக்காது."

திரவியம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "யாருட்டயும் சொல்லாத. எனக்கும் இப்பல்லாம் நெஞ்சு அடிக்கி. ஒன் தம்பி என் தோள்ல சாஞ்சான் பாத்தியா, அன்னையிலேருந்து. ராத்திரி படுத்தா அவன் பாரம் தோள்ல இருக்க மாதிரியே இருக்கு."

"அப்போ ஆஸ்பத்திரியில காட்டணும்லா?"

"காட்டி? என்னையும் ஒன்ன மாதிரி நோக்கிக்கிட்டு நிக்கச் சொல்லவா?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். "கோவிச்சுக்கிடாத. அந்த மருந்த எனக்குத் தா. டப்பாவுக்கு ஐநூறு கடன்ல கழிச்சுக்குவோம்."

பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்பதைச் சொல்ல அப்போது யோசுவாவுக்கு நேரம் இருந்தது. வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்குகிற அளவுக்கு நேரம். விழுங்கினான். சொல்லவில்லை. சுண்ணாம்பு தின்றால் யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்தான். நோக்கி நின்று வாங்கும் பங்கில் கடன் அடைக்க எத்தனை வருஷம் ஆகும் என்றும் நினைத்தான்.

"விலை மதிச்ச மருந்தாக்கும் அண்ணாச்சி" என்றான்.

அந்த வார்த்தைதான் பிறகு அவனைத் தூங்கவிடவில்லை.

மாசாமாசம் டப்பா கை மாறியது. திரவியம் காலி டப்பாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பான், யோசுவா அதை மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான்.

"ஒழுங்கா சாப்பிடறேளா?"

"சாப்பிடுதேன் டாக்டர்."

"உங்களை மாதிரி ஒழுங்கா வரவா யாருமில்லை." அவர் கருவியை அவன் நெஞ்சில் வைத்துத் திரையைப் பார்த்து எழுதிக்கொள்வார். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். திரவியமோ நெஞ்சு அடிப்பு குறைந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நம்பிக்கை செய்கிற வேலை என்று யோசுவா அதையும் சுண்ணாம்புக் கணக்கிலேயே வைத்தான். எழுநூற்று ஐம்பது ரூபாய் மிச்சம் இருந்தபோது வெயில் காலம் வந்தது.

அன்றைக்கு அரிசி லோடு. காலையிலேயே தார் இளகிக் கிடந்தது. "ராத்திரி நெஞ்சு கொஞ்சம் கனமா இருந்துச்சு. இன்னிக்கு மூணா போட்டுட்டேன்" என்றான் திரவியம், சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டே. யோசுவா லாரிப் பக்கம் திரும்பினான். மூன்று சுண்ணாம்பு.

பலகையில் இறங்கி வரும்போது திரவியம் நின்றான். மூட்டையோடு அப்படியே நின்றான். "என்ன அண்ணாச்சி?" என்று யோசுவா கேட்டதற்கு அவனைப் பார்த்தான், ஆனால் கண்ணில் பார்வை இல்லை. முட்டி மடங்கியது. மூட்டையும் ஆளும் ஒன்றாக விழுந்தார்கள்.

மெடிக்கல் காலேஜ் கேஷுவாலிட்டியில் தோளெலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். அதுவல்ல கவலை. பிரஷர் ஏறவே மாட்டேன் என்றது. மூட்டை வயிற்றின்மேல் விழுந்திருக்கிறது, உள்ளே எங்கேயோ ரத்தம் போகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏறாவிட்டால் வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டும் என்றார் ஒரு இளவயசு டாக்டர். திரவியத்தின் பெண்சாதி பிச்சம்மாள் ஆரியசாலையிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

"மருந்து வல்லதும் கழிக்கிறாரா, ஏதாவது சாப்பிடறாரா?" என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.

"ஒரு மருந்தும் கெடையாது சாரே. இரும்பு மாதிரி ஒடம்பு" என்று அழுதாள்.

யோசுவா சுவரோடு ஒட்டி நின்றான். அவனுக்குத் திரவியத்தின் கண் ஞாபகம் வந்தது. மூட்டையோடு நின்றபோது அதில் வலி இல்லை. விழுந்த பிறகு வந்த சீக்கு இல்லை இது, வந்த பிறகுதான் விழுந்தான். அப்படியானால் அது சுண்ணாம்பு இல்லையோ?

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். பிச்சம்மாள் கேட்பாள். நீலகண்டன் கேட்பார். கூட்டம் கேட்கும். நாளை முதல் உலர்ந்த சட்டையோடு அந்த லாரிப் பக்கத்தில் எப்படி நிற்பது? அதோடு, என்ன மருந்து என்று கேட்டால் அவனுக்குப் பெயர்கூடத் தெரியாது. மருந்தா வெறும் மாத்திரையா என்பதும் தெரியாது. தெரிந்த ஆள் மேட்டில் இருந்தார்.

வெளியே வந்து, பக்கத்திலேயே இருந்த இருதய ஆஸ்பத்திரி மேட்டைப் பார்த்தான். நின்று நின்று ஏறவேண்டிய மேடு. அவன் ஓடினான். பாதியில் நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது, வெயில் கறுத்தது. ஞானதாஸின் முகம் வந்தது. இங்கேயே விழுந்தால் யாருக்கும் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைக் கண்டு அருவருத்து, மதிலைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தான்.

டாக்டர் ஸ்ரீப்ரியா அவனைக் கண்டதும் எழுந்துவிட்டார். "யோசுவா! என்ன காரியம் பண்றேள், உட்காருங்கோ."

"மாத்திரைய நான் சாப்பிடல. வேற ஆளுக்குக் குடுத்தேன். முதல் மாசம் தவிர எல்லாம் அவன்தான் சாப்பிட்டான். இன்னிக்கு மூணு சாப்பிட்டு விழுந்துகிடக்கான். கீழ மெடிக்கல் காலேஜ்ல அவன் வயித்த அறுக்கப் போறாவ."

அவர் நாற்காலியை இழுத்து அவனை உட்காரவைத்தார். போனை எடுத்தார். யாருக்கு எது என்ற ரகசியம் மருந்தகத்தில் ஒரே ஒருவரிடம் இருந்தது. யோசுவாவின் ஆராய்ச்சி எண்ணைச் சொல்லி, ஆபத்து, உடனே வேண்டும் என்றார். காத்திருந்தார். யோசுவா அவர் உதட்டைப் பார்த்தான்.

"மருந்துதான்" என்றார். "உங்களுக்கு விழுந்தது மருந்துதான்."

அடுத்து கேஷுவாலிட்டிக்குப் பேசினார், மலையாளத்தில், வேகமாக. வெயிலில் வேர்த்து வற்றின உடம்பில் மூன்று மடங்கு பிரஷர் மருந்து, முதலில் சலைன் ஏற்றிப் பாருங்கள், வயிற்றை ஸ்கேன் செய்யாமல் கத்தி வைக்கவேண்டாம். போனை வைத்துவிட்டு யோசுவாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவேண்டும்போல அவனுக்கு இருந்தது.

"மருந்து சாப்பிட்ட ஆளுக்கு ஒரு மாத்தமும் இல்லைன்னு இத்தனை மாசமா எனக்கே தெரியாம எழுதிண்டிருந்தேன்" என்றார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீங்க வந்து சொல்லலைன்னா அதுதான் உண்மைன்னு நின்னிருக்கும். ஆராய்ச்சியிலேர்ந்து உங்களை விலக்கியாகணும். ஆனா செக்கப்புக்கு வரணும். லிபியையும் கூட்டிண்டு வரணும்."

"திட்டுங்க டாக்டர்."

"திட்டினா தடிப்பு குறையுமா?" என்று சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டு அவனைக் கட்டிலில் படுக்கவைத்தார்.

சாயங்காலத்துக்குள் திரவியத்தின் பிரஷர் ஏறிவிட்டது. வயிற்றில் ஒன்றுமில்லை. கத்தி படவில்லை.

யோசுவா அந்த வாரமே தன் பெண்சாதி பிரிஸில்லாவின் சங்கிலியை அடகு வைத்தான். எதற்கு என்று அவள் கேட்டாள், எல்லாவற்றையும் சொன்னான். அவள் கழற்றிக் கொடுத்தாள். நாலாயிரத்து இருநூற்று ஐம்பதையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனான்.

பிச்சம்மாள்தான் முதலில் பார்த்தாள். "வாங்க தம்பி! சொகமில்லாத ஒடம்போட மேட்டுல ஓடி டாக்டரம்மாவப் போன் பண்ண வச்சீயளாம்! நீங்க இல்லன்னா எம் புருசன அறுத்துப் போட்டிருப்பாவ." ஓடிப்போய் ஒரு டம்ளர் கஞ்சியை அவன் கையில் வைத்தாள். "குடிங்க. என் கண்ணு முன்னால குடிங்க."

"மைனி, நான்..."

"ஏட்டி, பிளாஸ்க்ல வெந்நி வாங்கிட்டு வா" என்றான் திரவியம் கட்டிலிலிருந்து. அவள் போனாள். தோளைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் அவனால் திரும்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பினான்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீலகண்டனுக்கும் தெரியாது. வெயில்ல மயங்கிட்டேன்னு சொல்லியிருக்கேன்."

யோசுவா கஞ்சியை ஜன்னலில் வைத்துவிட்டுக் கவரை எடுத்தான். "அண்ணாச்சி, பாதிப் பேருக்கு அந்த மாத்திரைக்குள்ள மருந்தே கெடையாது. எனக்குக் கிடைச்சது வெறும் சுண்ணாம்புன்னு நெனச்சுத்தான் ஒமக்குக் குடுத்தேன். தெரிஞ்சுதான் வெல பேசினேன். முழுப் பணமும் இருக்கு. கழிச்ச கணக்க விட்டுடும், பழைய கடன் முழுசுக்கும் இத வாங்கிக்கிடும்."

திரவியம் கண்ணைக் கவரின் பக்கம் திருப்பினான். பக்கத்துக் கட்டில்காரன் இருமி முடித்தான்.

"சுண்ணாம்பயா எனக்கு வித்த?"

"ஆமா."

"ஒன் தம்பிய அடக்கம் பண்ணக் குடுத்த துட்டுக்கு?"

யோசுவா கவரை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"ஆனா டாக்டர் சொன்னபடி அது மருந்தால்லா இருந்துச்சு" என்றான் திரவியம். அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சிரிப்பா வலியா என்று தெரியவில்லை. "நான் மருந்துக்குத்தான் துட்டக் கழிச்சேன். மருந்துதான் வந்திருக்கு. நான் ஏமாறலலே. மிச்சம் எழுநூத்தம்பது, நீ மேடு ஏறுனதுக்குச் சுமட்டுக்கூலி. கணக்கு தீந்துபோச்சு."

"அண்ணாச்சி, இத வாங்கிக்கிட்டீர்னா..."

"வாங்கமாட்டேன். உள்ள வை. அவ வாரா."

பிச்சம்மாள் பிளாஸ்க்கோடு வந்தாள். ஜன்னலில் இருந்த டம்ளரைப் பார்த்து, "இன்னும் குடிக்கலியா? ஆறிப்போச்சே" என்று வெந்நீர் கலந்து மறுபடி அவன் கையில் கொடுத்தாள். அவன் கவரைச் சட்டைப்பைக்குள் தள்ளினான். திரவியம் கண்ணை மூடிக்கொண்டான். அவள் முன்னால் நின்று, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், யோசுவா குடித்தான்.