சம்பளம் என்று வந்த படிப்புப் பணம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இதைச் சொல்ல வெட்கமில்லை, தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். அண்ணியைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பல்செட் செய்கிற லேப் ஒன்றில் எனக்கு வேலை. மெழுகில் பல் அடுக்கி, அச்சு வார்த்து, கடிக்கும்போது இடிக்கிற இடத்தைத் தேய்த்து அனுப்புவேன். மயிரிழை பிசகினாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று முதலாளியே சொல்வார். அப்பேர்ப்பட்ட கண், மகளின் பேங்க் கணக்கில் இருந்த ஒரே ஒரு வார்த்தையைக் கோட்டை விட்டது.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவள் பிறந்தபோதே வெளிநாட்டில் இருக்கிற என் அண்ணன், "இவ படிப்புக்கு நான் போட்டு வைக்கிறேன்" என்று அங்கே ஒரு கல்விச் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்திருந்தான். இந்த வருடம் அதிலிருந்து முதல் தடவையாக ஏழாயிரம் டாலர் எடுத்து, மகளின் கணக்குக்கு அனுப்பினார்கள். கட்டணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

ஏழு மாதம் கழித்து வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மகள் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறாள், ஆகவே இனி அவளை உங்களைச் சார்ந்து வாழும் மாணவியாகக் கருத முடியாது, ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில் சொல்லவும் என்று எழுதியிருந்தார்கள். வரிச்சலுகை போனால் போகிறது. ஆனால் கல்லூரியில் அவளுக்குக் கிடைக்கிற பாதிக் கட்டணச் சலுகை, பெற்றோரைச் சார்ந்த பிள்ளைகளுக்கு மட்டும்தான். அது போனால் மூன்றாம் வருடம் அவள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். வேன் ஓட்டுகிற என் கணவர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

"எங்கடி வேலைக்குப் போறே எனக்குத் தெரியாம?" என்று மகளைப் பிடித்தேன்.

"ஐயோ அம்மா, அது மாமா அனுப்பின பணம். நோக்கம்னு ஒரு கட்டம் வருமே, அதுல சம்பளம்னு போட்டிருந்தாங்க. மாமா கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன்."

பணம் வந்தது சேமிப்பு நிறுவனத்தின் பெயரில். நோக்கம் சம்பளம். பார்க்கிறவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

எங்கள் வரி ஆலோசகரிடம் ஓடினேன். மனிதருக்கு மேல்வரிசையில் நான்கு பல் என் கைவேலை. அவர் சிரித்தால் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அன்று அவர் சிரிக்கவில்லை.

"பதறாதீங்கம்மா. அந்தக் கணக்குல போட்ட பணம் போட்டவங்களோட சொந்தப் பணம். அது திரும்பி வந்தா வருமானம் இல்ல. அதுமேல வளர்ந்திருக்கு பாருங்க, அது மட்டும்தான் பொண்ணோட வருமானம். மூவாயிரத்துக்குள்ள இருந்தா அவ உங்களைச் சார்ந்தவதான். ஆனா எது போட்டது, எது வளர்ந்ததுன்னு ஆரம்பத்துல இருந்து ஸ்டேட்மென்ட் வேணும்."

அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அதெல்லாம் உங்க அண்ணி கைல இருக்கும்மா. அவகிட்டயே கேளேன்."

அங்கேதான் எனக்கு இடித்தது. அண்ணியோடு பேசி ஐந்து வருடமாகிறது. கணவருக்கு வேலை போயிருந்த சமயம், நான் கேட்காமலே அண்ணி இரண்டாயிரம் அனுப்பினார். கூடவே, "பாத்துச் செலவு பண்ணுங்க" என்று ஒரு வரி. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நாங்க ஒண்ணும் கையேந்தி நிக்கல" என்று எழுதி, பணத்தை அப்படியே திருப்பி அனுப்பினேன். அதற்கு முன்பும் அவரை எனக்குப் பிடிக்காது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை, சம்பளம் வருகிறது, பிள்ளைகுட்டி இல்லை. ஆனாலும் பத்து வருடமாக ஒரே குளிர்கோட்டுதான். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் ஓடிப்போய் அணைப்பார். நான் வைத்த பெயர் கஞ்ச மகாராணி. சொந்தக்காரர்கள் வட்டத்தில் அது நன்றாகவே ஓடியது.

இப்போது மகாராணியிடமே போய் நிற்க வேண்டும். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் லேப்பின் பின்கட்டில், அச்சுமாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று எண்ணை அழுத்தினேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"சம்பளம்னு போட்டது நான்தான்" என்றார் அண்ணி.

"ஏன் அண்ணி அப்படி?"

"உதவின்னு போட்டா திருப்பி அனுப்புவீங்க. பரிசுன்னு போட்டாலும் அனுப்புவீங்க. சம்பளத்தை யாராவது திருப்பி அனுப்புவாங்களா?"

என் கோபத்துக்குப் பயந்து போட்ட வார்த்தை என் மகள் தலையில் வந்து விடிந்திருக்கிறது. அவரும் அதைப் புரிந்துகொண்டார். "இப்படி ஆகும்னு தெரியாதுங்க. இன்னிக்கே அனுப்பறேன்" என்றார். சொன்னபடி அன்று மாலைக்குள் இருபது வருட ஸ்டேட்மென்ட் வந்தது. தவறாக எழுதியது தான்தான் என்று கையெழுத்துப் போட்ட கடிதமும் கூடவே இருந்தது.

ஆலோசகர் அதை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து வரிவரியாக இறங்கினார். ஏழாயிரத்தில் போட்ட பணம் ஐயாயிரத்து இருநூறு, வளர்ந்தது ஆயிரத்து எண்ணூறு.

"வரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொண்ணு உங்க பொண்ணுதான்" என்று அன்றைக்குத்தான் நான்கு பல்லும் தெரியச் சிரித்தார். பிறகு தாளைத் திருப்பி, "அண்ணன் போட்டதுன்னு சொன்னீங்க. பணம் கட்டினவங்க பேர் பெண் பேரா இருக்கே?" என்றார்.

அண்ணியின் பெயர். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அண்ணியின் பெயர்தான். ஆரம்பித்து வைத்ததோடு சரி, அண்ணன் ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. மாதம் தவறாமல், சம்பள நாளுக்கு மறுநாள், சின்னச் சின்னத் தொகையாக அவர்தான் கட்டியிருக்கிறார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெரிய தொகை இருந்தது. இரண்டாயிரம். ஐந்து வருடத்துக்கு முன், நான் திருப்பி அனுப்பிய அதே வாரம்.

ஆலோசகர் எதிரில் இருக்கிறார் என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பதுபோல் பாவனை செய்தார். கட்டணத்தில் பாதிதான் வாங்கிக்கொண்டார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்று வாரத்தில் வரி அலுவலகம் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. மகளின் சலுகை தப்பியது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணியைக் கூப்பிட்டேன். நன்றி சொல்வதில் எனக்குப் பழக்கம் குறைவு. அதனால் உடைத்தே பேசினேன்.

"அண்ணி, உங்களைப் பத்தி நான் பேசாத பேச்சில்ல. பட்டப்பேர்கூட வச்சிருக்கேன்."

"தெரியும். உங்கண்ணன் வாய்ல எதுதான் தங்கும்?"

"தெரிஞ்சுமா மாசாமாசம் கட்டினீங்க?"

அந்தப் பக்கம் இயந்திரங்கள் சுற்றுகிற சத்தம் கேட்டது. சலவைப் பிரிவில்தான் நின்றுகொண்டிருந்தார் போலும்.

"கோவம் உங்க மேல. கொழந்த என்ன பண்ணுச்சு?"

மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னும் கோவம் இருக்கா அண்ணி?" என்றேன்.

"இருக்கு. போன்ல போற கோவம் இல்ல அது. நேர்ல வாங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக முதலாளியிடம் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.