உடைசல் பை

விடிவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே பிஸ்கட் கம்பெனியில் அடுப்பின் வாய் திறந்துவிடும். டிரேயை இழு, சாய், அடுத்ததை இழு. முதல் ஐம்பது டிரே வரை கை காந்துவது தெரியும். அதற்கப்புறம் அது யாருடைய கையோ என்று ஆகிவிடும். வெந்த மாவும் சர்க்கரையுமான அந்த வாசம் வந்த புதிதில் பசியைக் கிளப்பியது. மூன்று வருடத்தில் குமட்ட ஆரம்பித்துவிட்டது. எத்தனை சோப்புப் போட்டாலும் தலைமுடியை விட்டுப் போகாது.

எட்டு மணி நேரம் முடிந்ததும் சூப்பர்வைசர் வந்து, "லோடு நிக்குதுப்பா" என்பார். இன்னும் ஆறு மணி நேரம் நிற்க வேண்டும் என்று அர்த்தம். அந்த ஆறு மணி நேரத்துக்குக் காசு கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆளுக்கு ஒரு பை உடைசல் கொடுப்பார்கள். பெட்டிக்குள் போக லாயக்கில்லாமல் ஒடிந்தது, ஓரம் கருகியது, கிரீம் வழிந்தது எல்லாம் சேர்த்து மூன்று கிலோ. என் மனைவி அங்கேயே பேக்கிங்கில் நிற்கிறாள். அதனால் எங்கள் வீட்டுக்கு இரண்டு பை.

ஊரை விட்டு வந்தபோது மகளுக்குப் பதினோரு வயது. விலா எலும்பை எண்ணலாம். அங்கே பள்ளிக்கூடம் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் நடை. தண்ணீர்க் குடம் வேறு. அதையெல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை. அரை வயிற்றோடு நடந்த நடை அது. இங்கே கம்பெனிக்குப் பின்னால் கம்பெனிக் குடியிருப்பு, மூன்றாம் மாடி, ஒரே அறை. பள்ளிக்கூட பஸ் வாசலுக்கே வரும். கீழே உள்ள முற்றம் லாரி திரும்புகிற இடம் என்பதால் பிள்ளைகள் இறங்கக் கூடாது. பஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு. அவள் எழுவதற்கு முன் நாங்கள் கிளம்புவோம். திரும்பும்போது இருட்டியிருக்கும். அடுப்புப் பற்றவைத்துக் காய் நறுக்குகிற தெம்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் அவளுக்குக் கட்டில், போன், உடைசல் பை.

கன்னம் உப்பியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். "பெரிய இடத்துப் புள்ள மாதிரி இருக்காளே மாப்ள" என்றான் அவன். இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பசியில் வளர்ந்தவனுக்குச் சதை என்றால் அது சம்பாத்தியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மகளுடைய யூனிஃபார்மைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடத்தில் மூன்றாவது தடவை. பாக்கெட்டில் நாலாக மடித்த சீட்டு ஒன்று இருந்தது.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்ல. ஸ்கூல்ல நர்ஸ் எடை பாத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க."

"எப்போ?"

"அது ஆச்சு ரெண்டு வாரம்."

"ஏன் எங்கிட்ட காட்டல?"

"காட்டினா மட்டும்? அப்பா வந்ததும் சட்டையக்கூட கழட்டாம சாஞ்சிடறாரு. நீ நின்னுகிட்டே தூங்குற. யாருகிட்ட காட்டறது?"

சீட்டை வாங்கிப் படித்தேன். முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டிப் பழகியவன் நான், மெதுவாகத்தான் வரும். வயதுக்கு மீறிய எடை. ரத்தத்தில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாட விடவும். காய், கீரை, பழம் கொடுக்கவும். இனிப்பைக் குறைக்கவும். பெற்றோர் கையெழுத்து.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "மாடிப்படி ஏறினா நெஞ்சு அடிச்சுக்குது" என்று சுவரிடம் சொன்னாள். மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

மறுநாள் டீ நேரத்தில் நெட்டையிடம் சொன்னேன். அவன் மாவு பிசைகிற மெஷினில் நிற்கிறவன். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான். அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. இடுப்பு மடிப்பிலிருந்து மாவு ஒட்டிய ஒரு சீட்டை எடுத்து நீட்டினான்.

"இதையும் படிச்சுச் சொல்லு. கையெழுத்துப் போடுங்குறா பொண்ணு. என்னன்னு கேட்டா அழுவுறா."

எழுத்துக்கு எழுத்து அதே சீட்டு.

அன்று ராத்திரி மாடிப்படியில் ஒன்பது சீட்டு வந்து சேர்ந்தது. அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒன்று, தலையணை உறைக்குள்ளிருந்து ஒன்று. எல்லாம் எங்களை மாதிரி வெளியூரிலிருந்து வந்து இந்த அறைகளில் அடைந்தவர்களின் பிள்ளைகளுடைய சீட்டு. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். நாலாவது சீட்டுக்கு வருவதற்குள் அவர்களே எனக்கு முன்னால் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒரு மணி நேரம் ஓடி விளையாடணுமாம்" என்றான் நெட்டை. "எங்க? இந்தப் படிக்கட்டுலயா, லாரிக்கு அடியிலயா?"

எல்லோரும் சிரித்தோம். பேக்கிங் பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் எம் பையன அடிச்சேன் தம்பி. திங்காதடா, திங்காதடான்னு அடிச்சேன். வீட்டுல திங்க வேற ஒண்ணுமே வெக்காம அடிச்சேன்."

அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வீடும் அது தன் வீட்டுக் குறை என்று நினைத்துத்தான் மறைத்து வைத்திருந்தது. சனிக்கிழமை யாரும் பை வாங்க வேண்டாம் என்று பேச்சு வந்தது.

"பை வேண்டாம்னு சொன்னா முதலாளி வேலையே வேண்டாம்னு எடுத்துக்குவான்" என்றார் ஒருவர். "இந்த ரூமும் அவனுது. ஞாபகம் இருக்கட்டும்."

என் மனைவி மேல் படியிலிருந்து சொன்னாள்: "எட்டு மணி நேரத்துக்கு மேல நிக்கணும்னா காசு குடுக்கட்டும், காய் வாங்கிக்கறேன். இல்லையா, வெளிச்சம் இருக்கும்போதே எங்கள விடட்டும், சமைச்சுக்கறேன். ரெண்டும் இல்லேன்னா எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்?"

சனிக்கிழமை மேடையில் பைகள் குவிந்திருந்தன. சூப்பர்வைசர் முதல் பெயரைக் கூப்பிட்டார். நெட்டை போய் நின்றான், கையைக் கட்டிக்கொண்டான். அடுத்தது நான். அப்புறம் பெரியக்கா. நாற்பத்தோரு பேரில் மூன்று பேர் தலையைக் குனிந்து பையை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பயம் எங்கள் எல்லோருக்குள்ளும்தான் இருந்தது.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன, பிஸ்கட் கசக்குதோ?"

"ஓவர்டைமுக்குக் காசு குடுங்க ஐயா" என்றேன். "பை வேண்டாம்."

"வரும்போது உங்க புள்ளைங்க எப்படி இருந்துச்சுங்க? குச்சி குச்சியா. இப்ப பாரு, கொழுகொழுன்னு. யாரு போட்ட தீனி?"

"அதத்தான் சொல்ல வந்தோம்" என்று பெரியக்கா சீட்டுகளை நீட்டினாள்.

இரண்டைப் பார்த்தார். மற்றதைப் புரட்டவில்லை. "புள்ளைங்க வாயக் கட்டத் தெரியலன்னா அதுக்கும் நானா பொறுப்பு?"

"உங்க பொண்ணுக்கு இந்தப் பையக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"எம் பொண்ணு எதுக்கும்மா இதத் திங்கணும்?"

சொன்னபிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. நாங்கள் பேச வேண்டியதை அவரே பேசிவிட்டார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பை எடுக்காதவங்களுக்குத் திங்கட்கிழமை வேலை கிடையாது" என்று சொல்லிவிட்டு முதலாளி படியேறினார்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்துக்கு நாங்கள் முற்றத்தில், இழுத்துப் பூட்டிய ஷட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். பை எடுத்துப் போன மூன்று பேரில் இரண்டு பேரும் வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பதினைந்து நாளில் அறைகளைக் காலி செய்ய வேண்டும். சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒருவர் எழுந்து போவது போல எழுந்தார், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

அடுப்புகள் எரியவில்லை. சரக்கு இல்லாததால் லாரிகளும் வரவில்லை. நாங்கள் இறங்கி வந்தபோது படிக்கட்டுக் கதவைத் திறந்த வாட்ச்மேன் அதைத் திரும்பப் பூட்டவில்லை. பள்ளிக்கூட பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் இறங்கி வந்தன. கொஞ்ச நேரம் ஓரமாக நின்றன. அவ்வளவு பெரிய காலி இடத்தை என்ன செய்வதென்று தெரியாத மாதிரி. அப்புறம் ஒன்று ஓடியது, எல்லாம் ஓடின.

சூப்பர்வைசர் வந்தார். "புள்ளைங்கள மேல அனுப்புங்கப்பா. லாரி வரும்."

"வந்து எதை ஏத்தும்?" என்றான் நெட்டை.

மூன்றாவது சுற்றில் மகள் என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி, வியர்வை சொட்ட, இரைத்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு வாங்குதுப்பா."

"செத்த உக்காரும்மா."

"நீங்க உக்காருங்க. எந்திரிச்சுடாதீங்க."

சொல்லிவிட்டு மெதுவாக அடுத்த சுற்றைத் தொடங்கினாள். நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.