விளையாட்டுக் கடகம்

செல்வநாயகி ரீச்சர் கொக்குவில் பாலர் பாடசாலையில் பனையோலையில் முடைந்த கூடைகளாக இரண்டு கடகங்கள் வைத்திருந்தார். ஒன்று விளையாட்டுக் கடகம், மற்றது ஓய்வுக் கடகம். பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில் அவரே படங்கள் கீறியிருந்தார். கயிறடிக்கிற பெட்டை, உயரம் பாய்கிற பெடியன், பாயில் குறட்டை விடுகிற மனிதர், தேத்தண்ணீர் குடிக்கிற மனிசி. ரீச்சர் பெயரைச் சொன்னதும் பிள்ளை அந்தப் படத்தைத் தேடி எடுத்து உரிய கடகத்தில் போட வேண்டும். பிழை விடாமல் போட்ட பிள்ளைகளுக்குத்தான் விளையாட்டுப் போட்டியில் முயலோட்டம். முயலோட்டக்காரருக்கு மட்டையில் வெட்டிய வெள்ளைக் காதுகள் கிடைக்கும்.

நாலு வயது மக்டலீனுக்கு அந்தக் காதுகள் வேண்டும். உலகத்தில் வேறொன்றும் வேண்டாம்.

அவள் கடற்கரை ஊரான குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளை. அங்கே பொம்மர் விமானம் வந்து குண்டு போட்ட நாளில், வலையை எடுக்கிறேன் என்று வீட்டுக்குள் திரும்பிய தகப்பன் வின்சன்ற் பிறகு வெளியே வரவில்லை. அன்றிலிருந்து தாய் லூர்த்தம்மா மகளுக்குச் செபத்தோடு இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தாள்.

"குண்டு போடுறாங்கள் எண்டு ஆர் சொன்னாலும் நில்லாமல் ஓட வேணும். பக்கத்திலை நிக்கிற பிள்ளையின்ரை கையையும் பிடிச்சுக்கொண்டு ஓட வேணும்."

முதல் நாள் மக்டலீன் எல்லாப் படத்தையும் சரியாகப் போட்டாள். கடைசிப் படம், தோளில் இரும்புருண்டை வைத்திருக்கும் தடித்த மனிதர்.

"குண்டு போடுதல்," என்றார் ரீச்சர்.

பள்ளிக்கூடப் போட்டிகளில் காலங்காலமாக அதற்கு அதுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களின் காலத்தில் வானத்தில் காகம் மட்டும் பறந்திருக்கும். மக்டலீன் படத்தை எறிந்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பராசக்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்தில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், பாய்ந்தாள். பராசக்தி வீரிட்டு அழுதாள். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அன்றைக்கென்று பார்த்துப் பாடசாலையைப் பார்க்க வந்திருந்த பெரியவர் தியாகலிங்கமும் சிரித்துவிட்டார்.

ரீச்சருக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. பெரியவர் போனதும் மக்டலீனைக் காதில் பிடித்துத் தூக்கி வந்து முழங்காலில் இருத்தினார்.

"கடற்கரைப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதும் கல்லுக்குப் படிப்பிக்கிறதும் ஒண்டு. குண்டு போடுதல் எந்தக் கடகம்?"

"விளையாட்டுக் கடகம், ரீச்சர்."

"பிறகேன் ஓடினனி? சொல்வழி கேளாத சனியன்."

செல்வநாயகி ரீச்சர் தங்கமான மனிசி என்று ஊரில் இப்போதும் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் செய்தது படிப்பித்தல் இல்லை. பிள்ளை பால்மா குடிக்கும்போது பின்னால் போய் நின்று, "குண்டு போடுறாங்கள், ஓடு," என்பார். கோப்பை விழும். பூவரசங்கம்பு கெண்டைக்காலில் விழும். மற்றப் பிள்ளைகளையும் அப்படிச் சொல்லச் சொன்னார். பிள்ளைகளுக்கு அது கிளித்தட்டைவிட நல்ல விளையாட்டாகப் போயிற்று. ஒளித்திருந்து கத்துவார்கள். மக்டலீன் துள்ளி எழும்பினால் கைதட்டுவார்கள். "ஓடினால் முயல்காது இல்லை," என்று ரீச்சர் கம்பை ஆட்டுவார்.

மக்டலீன் இரண்டு கையாலும் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினாள். முதலில் கால் நடுங்கியது. பிறகு உதடு மட்டும் நடுங்கியது. கடைசியில் யார் கத்தினாலும் சிரித்துக்கொண்டு நின்றாள். ரீச்சர் அவளுக்கு ஒரு சோடிக் காது கொடுத்தார்.

அன்றிரவு லூர்த்தம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் இண்டைக்கு ஓடேல்லை. அதுதான் காது தந்தவ."

"ஓடாமல் எப்பிடியடி முயல்?" என்று லூர்த்தம்மா சிரித்தாள். கனகாலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

போட்டியன்று காலை முற்றத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். பெற்றோர் இன்னும் வந்துசேரவில்லை. காதுகளைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் கோட்டில் நின்றபோது கோண்டாவில் பக்கமாக இரைச்சல் கேட்டது. ரீச்சர் அண்ணாந்து பார்த்தார். பொம்மர் குத்தித் தாழ்ந்துகொண்டிருந்தது.

"குண்டு போடுறாங்கள், ஓடுங்கோ."

சொல்லிவிட்டு ரீச்சர்தான் முதலில் ஓடினார். பிள்ளைகள் பின்னால் விழுந்தடித்து ஓடிப் பங்கருக்குள் இறங்கினார்கள். மக்டலீன் அசையவில்லை. சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கோட்டில் கால் படாமல், சிரித்துக்கொண்டு நின்றாள்.

பங்கர் வாசலிலிருந்து ரீச்சர் தலையை நீட்டினார்.

"ஓடி வா, சனியனே. குண்டு போடுறாங்கள்."

"நான் ஓட மாட்டன், ரீச்சர். அது விளையாட்டுக் கடகம்."

ரீச்சர் வெளியே வரவில்லை. பத்தடி தூரம் இருக்கும். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

குண்டு பக்கத்து வளவில் விழுந்தது. அதன் சிதறு துண்டு ஒன்று முற்றத்துச் சுண்ணாம்புக் கோடு வரை வந்தது. பாடசாலைச் சுவருக்குச் சேதமில்லை. கடகங்களும் வைத்த இடத்திலேயே இருந்தன.

லூர்த்தம்மா வந்தபோது பிள்ளையைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அவள் அழவில்லை. ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"என்ரை பிள்ளைக்கு ஓடத் தெரியுமே. ஏன் ஓடேல்லை?"

"கூப்பிட்டனாங்கள், அம்மா. தொண்டை கிழியக் கத்தினனான்," என்று செல்வநாயகி ரீச்சர் கண்ணைத் துடைத்தார். "என்ன செய்யிறது, சொல்வழி கேளாத பிள்ளை."

ரீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பராசக்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய முயல்காது ஒன்று மடிந்து கண்ணில் விழுந்திருந்தது.

"ரீச்சர், மக்டலீன்தானே போட்டியிலை வெண்டவள்?" என்று கேட்டாள். "நீங்கள் ஓடச் சொல்லியும் அவள் மட்டும்தான் ஓடேல்லை."

லூர்த்தம்மா தலையை நிமிர்த்தி ரீச்சரைப் பார்த்தாள். காது கிடைத்த இரவு மகள் சொன்னது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.